பழைய நகைச்சுவை வரைகதை இதழ்களை மதிப்பிடலும் பேணலும்

பழைய வரைகதை இதழை மதிப்பிடல் என்பது அதன் பதிப்பு, முழுமை, நிலை, அருமை ஆகியவற்றைக் கணித்தல் ஆகும். அவ்விதழ் மேலும் சிதையாமல் காத்தல் பேணல் எனப்படும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. தவறாகச் செப்பனிடப்பட்ட இதழ் மதிப்பையும் ஆயுளையும் ஒருங்கே இழக்கிறது.

தமிழ்ச் சூழல்

சிவகாசியிலிருந்து 1972 இல் முத்து காமிக்சும் 1984 இல் லயன் காமிக்சும் வெளிவரத் தொடங்கின. பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946 இல் உருவாக்கிய லக்கி லூக், மற்றொரு நகைச்சுவைத் தொடரான சிக் பில் ஆகியவை இவ்வெளியீடுகளின் வழியே தமிழ் வாசகர்களிடம் புகழ்பெற்றன. இத்தகைய பழைய இதழ்கள் மலிவு விலைக்கெனத் தரம் குறைந்த தாளில் அச்சிடப்பட்டன. படித்து முடித்தபின் பல படிகள் பழைய தாள் கடைகளில் எடைக்குப் போடப்பட்டன. எனவே நல்ல நிலையிலுள்ள படிகள் அரியனவாயின.

மதிப்பிடல்

பின்வருவன கருதப்படுகின்றன:

* பதிப்பு: ஒரே கதை பலமுறை மறுபதிப்பாகியிருக்கலாம். வெளியீட்டு எண், அச்சிட்ட விலை, தாளின் தன்மை, விளம்பரங்கள் ஆகியவற்றால் முதற்பதிப்பை அடையாளம் காணலாம். 2012 முதல் லயன்-முத்து வெளியீடுகள் பல வழவழப்பான தாளில் வண்ணத்தில் வந்துள்ளன.
* முழுமை: அட்டை, நடுப்பக்கம், இறுதிப் பக்கம் ஆகியவை உள்ளனவா எனப் பக்க எண்களைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும்.
* நிலை: கிழிசல், கறை, மடிப்பு, பெயரெழுத்து, துருப்பிடித்த பின்கள் ஆகியவை குறைகளாகும். அமெரிக்காவின் சி.ஜி.சி. நிறுவனம் 0.5 முதல் 10 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகிறது.
* அருமை: பழமை மட்டுமே விலையை உயர்த்தாது. கிடைக்கும் படிகளின் எண்ணிக்கையும் வாசகர் விருப்பமும் சேர்ந்தே விலையை முடிவு செய்கின்றன.

சிதைவின் காரணங்கள்

மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்னும் பொருள் எஞ்சியிருக்கும். இது ஒளியாலும் காற்றாலும் சிதைந்து அமிலங்களை உண்டாக்கும். அமிலம் தாளின் செல்லுலோசு இழைகளைத் துண்டிப்பதால் தாள் பழுத்து நொறுங்குகிறது. தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று பின்களை விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரும். கரையானும் வெள்ளிப்பூச்சியும் பிற பகைகள்.

பேணும் முறைகள்

* தூய, உலர்ந்த கைகளால் கையாளுதல்.
* இதழைப் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறையில், அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்துச் செருகுதல். பி.வி.சி. உறை தாளைக் கெடுக்கும்.
* ஒளி படாத, காற்றோட்டமுள்ள உள்ளறையில், தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டாமல் வைத்தல்.
* சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றி, மழைக்காலத்தில் இதழ்களைத் திறந்து பார்த்தல்.
* பூச்சி இருப்பின் பிற இதழ்களிலிருந்து உடனே பிரித்தல்.

தவிர்க்க வேண்டியவை

ஒட்டுநாடாவின் பசை நாளடைவில் பழுப்புக் கறையாகித் தாளுக்குள் ஊறும். லேமினேசன் செய்த அட்டையைப் பழைய நிலைக்கு மீட்க இயலாது. பல இதழ்களைச் சேர்த்துக் கட்டுநூலாக்கும்போது ஓரங்கள் வெட்டப்பட்டு, சில நேரங்களில் படமும் வசனமும் இழக்கப்படுகின்றன. வெயிலில் உலர்த்துவது தாளை மேலும் பழுக்கச் செய்யும். எந்தச் செப்பனீடும் பின்னர் நீக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே பேணலின் அடிப்படை விதியாகும்.