உடல் எடையும் இதயமும்: வணிகர்கள் அறிய வேண்டியவை



காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் நம் தொழிலில் உடம்புக்கு அசைவு குறைவு. மூட்டை இறக்கவும் பொட்டலம் கட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். முதலாளிக்குக் கல்லாதான் இடம். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு பத்தரைக்கு, நடுவே நாலைந்து டீ. இப்படியே இருபது வருடம் போனால் தொந்தி விழாமல் என்ன செய்யும்?

தொந்தியைச் செழிப்பின் அடையாளமாக நினைத்த காலம் உண்டு. ஆனால் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது; ரத்தத்தில் நல்ல கொழுப்பைக் குறைக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்புக்கு ஒன்பது முக்கியக் காரணங்களைக் காட்டியது. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுடன் வயிற்றுப் பருமனும் அதில் ஒன்று.

முதலில் இருப்பு எடுப்போம். தையற்காரர் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. நம் நாட்டவருக்குப் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்வது வழக்கம். ஆகவே தராசு காட்டும் எடையை மட்டும் நம்ப வேண்டாம்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? 80 கிலோ இருப்பவர் 60-க்கு வர வேண்டும் என்று மலைக்க வேண்டாம். நூற்றுக்கு ஐந்து, அதாவது 4 கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் எட்டு வாரத்தில் அதை எட்டலாம். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் போவது நல்லதல்ல. பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். பித்தப்பையில் கல் வரக்கூடும். விட்ட எடை வட்டியோடு திரும்பி வரும்.

கணக்கு நமக்குப் புதிதல்ல. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். நாளுக்கு நாலு டீ 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம் சர்க்கரை, 4,800 கலோரி. இதை நிறுத்தினாலே மாதம் அரைக் கிலோவுக்கு மேல் கணக்கில் கழிகிறது. எண்ணெய் இன்னும் கனம். ஒரு கிராமுக்கு 9 கலோரி. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நாளுக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய் போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டரை முதல் மூன்று கிலோ. உப்பு ஆளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதே வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதில் அடக்கம்.

எண்ணெயும் சர்க்கரையும் விற்பவனே இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். வாடிக்கையாளர் நெடுநாள் நலமாக வந்து வாங்குவதில்தான் நமக்கு லாபம்.

சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறி, கீரை, பயறு வகைகளைக் கூட்டுங்கள். கேழ்வரகு, கம்பு நல்லவைதான். ஆனால் அவற்றுக்கும் அளவு உண்டு. இரவு உணவைக் கேரியரில் வரவழைத்து எட்டு மணிக்கே கடையில் முடித்துக்கொள்ளலாம். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வேக நடை போதும். ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். நெடுநாள் அசையாதவர் முதல் நாளே மூட்டை தூக்கிப் பார்க்க வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால் மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எடை குறையும்போது மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியும் வரும். அதை நாமாகச் செய்யக் கூடாது.

எடைக் குறைப்புப் பொடிகளையும் மாத்திரைகளையும் நல்ல கமிஷன் சொல்லி நம் கடைக்கே கொண்டுவருகிறார்கள். எடை குறைக்கும் 'சிபுட்ரமின்' மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து தெரிந்து 2010-ல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. 2011-ல் நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டது. உள்ளே என்ன சரக்கு என்று தெரியாததை வாங்கி வைக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். புதிதாக வந்துள்ள ஊசிகள் டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே.

கடைசியாக ஒன்று. நெஞ்சு அடைத்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கணக்கு முடித்துப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

கடை ஒருவர் உழைப்பில் நிற்கிறது. அவரை நம்பிக் குடும்பமும் நாலு ஊழியர்களும் இருக்கிறார்கள். நம் கிளைச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்த, சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தினால் பெரும் உதவியாக இருக்கும். வருடாந்திர இருப்புக் கணக்கில் நம் உடம்பையும் ஓர் இனமாகச் சேர்த்துக்கொள்வோம்.