வாதம் புறப்படும் இடம்

கொடைக்கானல் வட்டக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் நடுவே, தலைமுறைகளாக வண்டிச் சாலை இல்லாமலே வாழ்ந்துவந்த ஊர் வெள்ளகவி. நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கிப் போக வேண்டியிருந்தது. மூளைக் குழாயில் அடைப்பு வந்து பக்கவாதம் தாக்கினால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஒற்றையடிப் பாதையில் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. ஆகவே இத்தகைய ஊர்களுக்கு, வாதம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை முன்கூட்டியே தேடுவதுதான் வழி. இளம் வயதில் வரும் வாதம் சில சமயம் பிறவியிலேயே வந்த இதயக் குறையிலிருந்து புறப்படுகிறது.

காலில் உறைந்த சிறு ரத்தக்கட்டி இதயத்தின் வலப்பக்கம் வந்தால் நுரையீரலுக்குப் போகும். அங்குள்ள நுண்குழாய்கள் சல்லடையாக நின்று அதைப் பிடித்துவிடும். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருந்தால், இருமும்போதோ முக்கும்போதோ வலப்பக்க அழுத்தம் கூடுகிற நொடியில் கட்டி இடப்பக்கம் தாவி மூளைக்கே போய்விடலாம். ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் கோன்ஹைம் 1877-லேயே இதை விளக்கினார். உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. ஆக்சிஜன் குறைவை ஈடுகட்டச் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் தடித்துவிடுகிறது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால் அது எளிதில் உறையும்.

பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு, அந்த நடுச்சுவரில் கருவில் இருந்த சிறு திறப்பு மூடாமலே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், அவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை, ஓட்டையைப் பார்த்ததும் பழியை அதன்மேல் போடுவதும் தவறு. ஆனால் பிறவி இதயக் குறைகளை மொத்தமாகப் பார்த்தால் கதை வேறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அக்குறையுள்ளவர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, 18 முதல் 64 வயதுக்குள் ஆண்களில் 11 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 15 பேரில் ஒருவருக்கும் வாதம் வந்ததாகக் கணக்கிட்டது. அறுவைச் சிகிச்சையோடு கவலை தீர்ந்தது என்பதும் சரியல்ல. தழும்புள்ள மேலறையில் துடிப்பு தாறுமாறானால் அங்கேயே ரத்தம் உறையலாம். மலையேறி நடப்பவர்களுக்கு நெஞ்சுநோய் அண்டாது என்பார்கள். நடை மாரடைப்பைத் தள்ளிப்போடும். பிறவி ஓட்டையை அடைக்காது.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013-இல் தொடங்கியது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நீலக் குறையைக் காட்டிக்கொடுக்கும். மேலறைச் சுவர் ஓட்டையைப் பெரும்பாலும் காட்டாது. அதற்கு எக்கோ என்னும் இதய ஸ்கேன் வேண்டும். அந்த எந்திரம் மலையேறி வரும்வரை காத்திராமல், பால் குடிக்கையில் மூச்சு வாங்கும் குழந்தையையும், எடை ஏறாத பிள்ளையையும், ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்புக் கேட்கும் சிறுவனையும் எக்கோ உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும், டோலி தேவைப்படாத வயதிலேயே.