‘மூணு மாசம் வேலை கத்துக்கோ, சம்பளம் அப்புறம் பாக்கலாம்’

ஃபிளெக்ஸ் கடை, டிடிபி சென்டர், விளம்பர ஏஜென்சி, சிவகாசி அச்சகம் என்று டிசைன் படித்த பிள்ளைகள் எங்கே போய் நின்றாலும் முதலில் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் வகுப்பில் வந்துவிடும். திரையில் பளபளத்த நிறம் அச்சில் ஏன் மங்குகிறது என்பது கடையில்தான் புரியும். அதனால் அப்ரென்டிஸாகச் சேர்வது நல்ல வழியே. என்ன தாளில் கையெழுத்துப் போட்டுச் சேர்கிறோம் என்பதுதான் கேள்வி.

1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி நிறுவனமும் நீங்களும் ஒப்பந்தம் போட வேண்டும்; 18 வயது நிரம்பவில்லையென்றால் காப்பாளர் கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தம் அரசிடம் பதிவாக வேண்டும். 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் பழகுநரைக் கட்டாயம் எடுக்க வேண்டும்; 4 முதல் 29 பேர் வரை என்றால் அதன் விருப்பம். பதிவில்லாமல் ‘அப்ரென்டிஸ்’ என்று கூப்பிடுவது வெறும் பேச்சு. அப்படி முழுநாளும் வேலை வாங்கப்படுபவர், தானும் தொழிலாளிதான், குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம்.

பதிவு இருந்தால் உதவித்தொகை உறுதி. 2019-இல் திருத்திய விதிப்படி பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இது அடிமட்டத் தொகை. சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகையை அரசின் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் பணம் வந்தாக வேண்டும். ‘போஸ்டருக்கு இவ்வளவு, லோகோவுக்கு இவ்வளவு’ என்று எண்ணிக் கொடுப்பதை 13-ஆம் பிரிவு நேரடியாகத் தடுக்கிறது. காலண்டர் சீசனில் ராத்திரி முழுக்க உட்காரவைப்பதற்கும், இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்த அதிகாரியான பழகுநர் ஆலோசகரின் அனுமதி வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் கேட்க முடியும்.

டிசைனர்கள் அதிகம் ஏமாறுவது வேறோரிடத்தில். பழகுநராக இருந்து நீங்கள் வரைந்த லோகோ யாருடையது? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ‘பழகுநர் ஒப்பந்தம்’ என்று பெயர் சொல்லியே, அந்தப் பணியில் உருவான படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளி என்கிறது. மாதம் ஏழாயிரம் வாங்கும் பிள்ளையின் படைப்புக்கு இது நியாயமா என்று எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் ‘வேறு உடன்பாடு இல்லாவிட்டால்’ என்று சட்டம் ஒரு சந்து விட்டிருக்கிறது. சேரும்போதே ‘என் டிசைன்களை போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். வேறொருவர் உங்கள் டிசைனைத் தன் பெயரில் போட்டுக்கொண்டால், 57-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கும்: உரிமை கைமாறினாலும் ‘வரைந்தவன் நான்’ என்று சொல்லும் உரிமை போகாது.

திருட்டு சாஃப்ட்வேர் பற்றிப் பல கடைகளில் யாரும் வாயே திறப்பதில்லை. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, தெரிந்தே அதைக் கணினியில் பயன்படுத்துபவரைக் குற்றவாளி என்கிறது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ‘ஓனர்தான் போட்டுக் கொடுத்தார்’ என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. கிராக் செய்த பதிப்பை உங்கள் லேப்டாப்பில் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தை ஒட்டித் தகராறு வந்தால் பழகுநர் ஆலோசகருக்கு எழுத வேண்டும். பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களுக்குச் சென்னை தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. ஆலோசகரின் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. கோபத்தில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்: நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு உங்களுக்கு, தவறு உங்களுடையதானால் பயிற்சிச் செலவை நீங்கள் கட்ட நேரிடும். மனுவோடு ஒப்பந்த நகல், வங்கிக் கணக்கு விவரம், ராத்திரி பதினொரு மணிக்கு ‘கரெக்‌ஷன் அனுப்பு’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இணையுங்கள். அசல் சான்றிதழை மட்டும் எவர் கேட்டாலும் கொடுத்துவைக்காதீர்கள், நகல் போதும்.