ஆயிரத்துச் சொச்சம் ஓட்டும் ஒரு கொறடாவும்

கிணத்துக்கடவு தொகுதியில் 2016-ல் அதிமுகவின் எட்டிமடை சண்முகம் ஜெயித்தது 1,332 ஓட்டு வித்தியாசத்தில். 2021-ல் அதே கட்சியின் தாமோதரன் ஜெயித்தது 1,095 ஓட்டில். இரண்டு முறையும் தோற்றவர் திமுகவின் குறிச்சி பிரபாகரன். ஒருபுறம் தக்காளியும் தென்னையும் விளையும் கிராமங்கள், மறுபுறம் குனியமுத்தூர், குறிச்சி என்று கோவை மாநகரின் விளிம்பு. இப்படி ஒரு தொகுதியில் இரண்டு ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலே பதவி கைமாறிவிடும். கணக்குப்படி பார்த்தால், தமிழ்நாட்டில் தன் வாக்காளருக்கு மிகவும் பயப்பட வேண்டியவர்களில் ஒருவர் இந்தத் தொகுதியின் எம்எல்ஏ. நடைமுறை அப்படி இல்லை. கால்வாயில் தண்ணீர் வராதபோதும், குவாரி லாரிகள் ஊர்ச் சாலையைப் பெயர்த்துப் போடும்போதும், ‘நீங்க சட்டசபையில எழுந்து கேக்க மாட்டீங்களா?’ என்ற கேள்வி எந்தக் கட்சிக்காரர் அந்த நாற்காலியில் இருந்தாலும் எழுகிறது. எம்எல்ஏ தைரியமில்லாதவர் என்பது மக்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். அந்தக் காரணம் பாதிதான் சரி. நம் ஏற்பாட்டில் தைரியம் ஆளுக்குச் சொந்தமில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் வரிசைக்குச் சொந்தம்.

2017 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கலாம். ஜெயலலிதா மறைந்து இரண்டு மாதம். அடுத்த முதல்வர் யார் என்ற இழுபறியில் அதிமுக எம்எல்ஏக்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய கைபேசி எண்கள் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவின. இன்னாருக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று சொல்வதற்காக, முன்பின் பழக்கமில்லாத வாக்காளர்கள் நேரடியாக எம்எல்ஏவைக் கூப்பிட்டார்கள். மனு கொடுக்கவும் சிபாரிசு கேட்கவும் மட்டுமே எம்எல்ஏவைத் தேடிப் பழகிய மாநிலத்தில் இது புதிது. அப்போது கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்பது அதிமுக கையில் இருந்தன. கோவை வடக்கு எம்எல்ஏ பி.ஆர்.ஜி.அருண்குமார் நம்பிக்கை வாக்கெடுப்புக்குச் சற்று முன் கூவத்தூரைவிட்டு ஊர் திரும்பினார். கவுண்டம்பாளையம் எம்எல்ஏ ஆறுக்குட்டி ஓ.பன்னீர்செல்வம் அணியில் நின்றார். பிப்ரவரி 18 அன்று, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட அவையில், எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்ற கணக்கில் வென்றது. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. (ஏற்றிருந்தாலும் யாருக்கு லாபம் என்பது யோசிக்க வேண்டியதுதான். கட்சிக்குத் தெரியாத ஓட்டு, தொகுதிக்கும் தெரியாமலே போயிருக்கும்.)

அதே ஆண்டு அமெரிக்காவிலும் வாக்காளர்கள் தங்கள் உறுப்பினர்களைத் தொலைபேசியில் துளைத்தெடுத்தார்கள். ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யக் குடியரசுக் கட்சி முயன்ற நேரம் அது. ஜூலை 28 அதிகாலை செனட்டில் அந்த முயற்சி 49-க்கு 51 என்று தோற்றது. தோற்கடித்த ஓட்டில் மூன்று, மெக்கெய்ன், காலின்ஸ், முர்கோவ்ஸ்கி என்ற ஆளுங்கட்சி உறுப்பினர்களுடையது. மூவரில் ஒருவர் பதவியும் அந்த ஓட்டால் பறிபோகவில்லை. காலின்ஸும் முர்கோவ்ஸ்கியும் பிறகு மறுபடி ஜெயித்தார்கள். அந்த ஊர் மக்கள் நம்மைவிடத் துணிச்சலானவர்கள் என்பதில்லை. அங்கே கட்சியை மீறி ஓட்டுப் போட்டவரின் உறுப்பினர் பதவியைப் பறிக்கச் சட்டம் கிடையாது. இங்கே 1985-ல் அரசமைப்பின் 52-வது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணை இருக்கிறது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் விலகினாலோ பதவி இழப்பு. பணப்பெட்டிக்கும் மந்திரி பதவிக்கும் கட்சி தாவுவதைத் தடுக்கப் போட்ட வேலி இது. அது ஆட்டையும் மாட்டையும் மட்டும் தடுக்கவில்லை, தோட்டத்துக்காரரையும் உள்ளேயே அடைத்துவிட்டது. அரசின் உயிரைத் தீர்மானிக்கும் நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு கொறடாவின் அதிகாரத்தைச் சுருக்க வேண்டும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொன்னது. எந்த ஆளுங்கட்சிக்கும் அதில் அவசரம் இருக்கவில்லை.

வேலிக்குக் காவல் சபாநாயகர். அவரும் ஒரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்து வந்தவர். 2017-ல் அந்த இடத்தில் இருந்தவர் அவிநாசி எம்எல்ஏ ப.தனபால். முதல்வரை மாற்றக் கோரி ஆளுநரிடம் கடிதம் கொடுத்த தினகரன் ஆதரவு எம்எல்ஏக்கள் 18 பேரை அவர் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்தார். அவைக்குள்ளேயே அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேரோ, அதற்குள் பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்துவிட்டதால், பதவியில் நீடித்தார்கள். கடிதம் கொடுத்தவர்கள் வெளியே, எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் உள்ளே! ஆக, எம்எல்ஏ பயப்படுவது சட்டத்தின் வாசகத்துக்குக்கூட அல்ல, அந்த நேரத்தில் தலைமை யார் கையில் இருக்கிறது என்பதற்கு. 1,095 ஓட்டின் நடுக்கம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும். இந்தப் பயம் தினமும் இருக்கும்.

மக்கள் ஓட்டுப் போடுவதே சின்னத்துக்குத்தானே, பிறகு உறுப்பினரிடம் தனிக்குரல் கேட்பது என்ன நியாயம் என்று கேட்கலாம். இந்த ஆட்சேபத்தில் பலம் இருக்கிறது. தகுதிநீக்கத்தால் காலியான தொகுதிகளில் 2019-ல் இடைத்தேர்தல் நடந்தபோது தினகரனின் அமமுக ஓரிடத்திலும் ஜெயிக்கவில்லை. தகுதிநீக்கம் ஆனவர்களில் செந்தில் பாலாஜி அரவக்குறிச்சியில் ஜெயித்தார். அது திமுகவின் உதயசூரியனில். ‘எதிர்த்து நில்லுங்கள்’ என்று சொல்லும் அதே கை, இரட்டை இலையையோ உதயசூரியனையோ தேடித்தான் போகிறது. ஆனால் சின்னத்தைத் தாண்டிப் பேச வாக்காளருக்கு வேறு வழி என்ன இருக்கிறது? கொங்கு விவசாயிகள் ஒரு முறை தேடிப் பார்த்தார்கள். 1996-ல் மொடக்குறிச்சியில், தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று; வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவர்கள் தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை என்பதிலிருந்தே பதவி அவர்கள் நோக்கமில்லை என்பது தெரியும். ஜெயித்தவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, பேரவைத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. விவசாயிகள் கேட்ட கேள்விக்கு டெல்லி அனுப்பிய பதிலாக அதை எடுத்துக்கொள்வதில் பெரிய தவறில்லை.

ஆளுங்கட்சி உறுப்பினர் வெளியே கத்துவதைவிட உள்ளே மெதுவாகப் பேசினால் காரியம் நடக்கும் என்பது இன்னொரு ஆட்சேபம். சிறிய காரியங்களுக்கு இது உண்மை; ஒரு பாலம், ஒரு பேருந்துத் தடம் அப்படித்தான் வரும். பெரியவற்றில் இந்த மண்டலத்தின் அனுபவம் வேறு. விளைநிலத்தில் கெயில் எரிவாயுக் குழாய் பதிப்பதை ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்த்தபோது, ஆளுங்கட்சிக்காரர்களின் வாய் தாராளமாகத் திறந்தது. 2013 மார்ச்சில் முதல்வர் ஜெயலலிதாவே சட்டமன்றத்தில் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டதால் அது சுலபமாயிற்று. (2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது வேறு கதை.) சில ஆண்டுகள் கழித்து உயர்மின் கோபுரங்கள் வந்தன. அதே விவசாயி, அதே தோட்டம். இந்த முறை மாநில அரசு திட்டத்தின் பக்கம் நின்றது. 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி நிலத்தில் இறங்கினார்கள். ஆளுங்கட்சி வரிசை மௌனமானது. எதிர்க்கட்சி திமுக பேசியது. 2021-க்குப் பிறகு, ஆழியாற்றிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு 930 கோடி ரூபாயில் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைப் பரம்பிக்குளம்–ஆழியாறு (பிஏபி) பாசன விவசாயிகள் எதிர்த்தபோது அதிமுகவினர் தெருவுக்கு வந்தார்கள். அடக்கி வாசித்தது திமுக. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இரு தரப்புக்கும் சொந்தமானதற்குக் காரணம் மெதுவான பேச்சு அல்ல. அவிநாசியில் 2016-ல் நடந்த உண்ணாவிரதம் போன்ற போராட்டங்கள், கட்சி பாராமல், அந்தத் திட்டத்தை மறுக்க முடியாததாக்கின. 2019-ல் ஒரு ஆட்சி அடிக்கல் நாட்டியது, 2024 ஆகஸ்டில் அடுத்த ஆட்சி திறந்துவைத்தது.

எனவே, ராஜினாமா செய், வெளிநடப்பு செய், மைக்கைப் பிடுங்கு என்று கேட்பதில் பெரிய பயனில்லை. 2008 அக்டோபரில் ஈழப் போரை நிறுத்தக் கோரி தமிழக எம்பிக்கள் கருணாநிதியிடம் கொடுத்த ராஜினாமாக் கடிதங்கள் டெல்லி போய்ச் சேரவே இல்லை. கொறடா எட்டாத இடங்கள் சில உண்டு, கேட்க வேண்டியது அங்கேதான். கேள்வி நேரத்தில் எழுத்துமூலம் கேட்கும் கேள்விக்குக் கொறடா கிடையாது. கவன ஈர்ப்புக்கும், மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதிப் பிரச்சினையைப் பேசுவதற்கும் பத்தாவது அட்டவணையில் தண்டனை இல்லை. பிஏபி உபரிநீர் கிணத்துக்கடவின் குளங்களுக்கு எந்த ஆண்டு எவ்வளவு வந்தது என்று ஆளுங்கட்சி எம்எல்ஏ கேட்டால் பதவி போகாது. அடுத்த முறை சீட் கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான். அந்த ஆபத்தை எடுத்தாரா இல்லையா என்பதைத் தொகுதி தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் கிராமசபை எப்படியும் கூடுகிறது. அங்கே போடும் தீர்மானத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கலாம்: கடந்த கூட்டத்தொடரில் நம் எம்எல்ஏ கேட்ட கேள்விகளின் நகலை, அமைச்சர் சொன்ன பதிலோடு, அடுத்த சபையில் வாசிக்க வேண்டும்.