மரத்துக்கும் ஓய்வு வேண்டும்

நமக்குத் தெரிந்த தேயிலை இடுப்பளவுதான். கவ்வாத்து வெட்டியே அதை அந்த உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். விட்டுவிட்டால் அது மரம். சீனாவின் யுன்னான் மாநிலத்து ஜிங்மாய் மலையில் புலாங், தாய் இனப் பழங்குடியினர் பத்தாம் நூற்றாண்டு முதல் அந்த மரங்களைக் காட்டுக்குள்ளேயே வளர்க்கிறார்கள். மேலே நிழல்மரம், நடுவில் தேயிலை, தரையில் செடிகொடி. பூச்சியைத் தின்னும் சிலந்தியும் பறவையும் அங்கேயே குடியிருப்பதால் மருந்தடிக்கும் வேலை இல்லை. 2023இல் யுனெஸ்கோ இந்த மலையை உலகப் பாரம்பரியக் களமாக்கியது. இம்மரங்களின் இலையைக் ‘காட்டுத் தேயிலை’ என்று விற்பது பாதிப் பொய். பெரும்பாலும் இவை யாரோ ஒரு பாட்டன் நட்ட மரங்கள்.

ஆபத்து விலையில் இருக்கிறது. வில்லையாக அழுத்தி முதிர வைக்கும் யுன்னானின் பூஅர் தேயிலையின் விலை 2007 வசந்தத்தில் உச்சத்துக்கு ஏறி, அதே ஆண்டில் சரிந்தது. மறுபடி ஏறியபோது பணம் முதிய மரங்களைத் தேடி வந்தது. அதே மாநிலத்தில் லாவ் பான்ஜாங் என்ற ஹானி மக்களின் சிற்றூருக்குள்ளேயே இன்று வங்கிக் கிளை இருக்கிறது.

இலைதான் மரத்தின் சமையலறை. வசந்தக் கொழுந்து, வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்தே துளிர்க்கிறது. கோடை மழையில் மரத்தைத் தொடாமல் விட்டால் கையிருப்பு மீளும். மழைக்கொழுந்தையும் விடாமல் கிள்ளினால் மரம் உடனே சாகாது, அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. துளிர் மெலியும், நுனிக்கிளை காயும், துளைப்பான் பூச்சி புகும். வெயில் பட்டால் இலை கூடும் என்று நிழல்மரத்தை வெட்டினால் சிலந்தியும் பறவையும் வீடிழக்கும்.

இதில் மோசமானது குத்தகை. மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுக்கு மரத்தை எடுத்த வெளியூர் வியாபாரிக்கு அதன் அடுத்த நூற்றாண்டு ஒரு பொருட்டல்ல. நூறு வயது தாண்டிய தேயிலை மரங்களைக் காக்கும் யுன்னான் மாநிலச் சட்டம் 2023 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் எந்தக் கிளையில் எத்தனை இலையை விட்டுவைப்பது என்பது பறிக்கிற விரலின் முடிவு.

‘பழமையான மரத்து இலை’ என்று மலிவாக யாராவது நீட்டினால், அதில் தோட்டத்து இலை கலந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

யுன்னானின் நான்னுவோ மலையில் 800 வயது என்று சொல்லப்பட்ட ‘தேயிலை ராஜா’ மரம் 1994இல் பட்டுப்போனது. பட்டம் இப்போது வேறொரு மரத்துக்கு.