மொட்டைமாடியில் மழைமானி: வாங்கும் முன், வைக்கும் முன்

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69 செ.மீ. இரண்டு ஊருக்கும் இடையே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மாவட்டச் சராசரியில் இந்த வித்தியாசம் கரைந்துபோய்விடும். நம் தெருவில் எவ்வளவு பெய்தது என்று தெரிந்துகொள்ள நினைப்பது நியாயமானது; அதற்கான வயர்லெஸ் மழைமானிகள் இன்று இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆனால் விலையைவிட, அதை வைக்கும் இடம்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது. மழைநீர் சேமிப்புத் தொட்டிக்கும் மோட்டாரை எப்போது மேலே ஏற்றுவது என்பதற்கும் அந்த எண்ணை நம்பப் போகிறோம் என்றால், தப்பான எண் இருப்பதைவிட எண்ணே இல்லாமல் இருப்பது மேல்.

கருவியின் வேலை எளிது. புனலில் விழும் நீர், உள்ளே சீசா பலகை போல ஆடும் இரட்டைக் கிண்ணத்தில் இறங்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் சாய்ந்து கொட்டும்; மறுபக்கம் நிறையத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வும் பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 மி.மீ. மழை. அந்த எண்ணிக்கைதான் ரேடியோ அலையாக வீட்டுக்குள் இருக்கும் திரைக்கு வருகிறது. அதனால் கருவி ஒரு பக்கம் சரிந்திருந்தாலே கணக்கு கெடும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து நிறுத்துங்கள். காற்றில் ஆடும் கம்பத்திலோ, மோட்டார் அதிர்வு வரும் தண்ணீர்த் தொட்டியின் மேலோ பொருத்தினால் மழையே இல்லாத நாளிலும் கிண்ணம் சாயும்.

தோட்டம் உள்ளவர்கள் தரையிலேயே வைக்கலாம். வானிலை ஆய்வு மையத்தின் மழைமானி அப்படித்தான், விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி நிற்கிறது. அருகிலுள்ள மரமோ சுவரோ கருவியைவிட எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். மொட்டைமாடியில் இந்த விதியைப் பின்பற்றுவது கடினம். ஆனாலும் விட்டுவிடக் கூடாது. மாடிப்படி அறை கருவியைவிட எட்டடி உயரம் என்றால் பதினாறடி தள்ளி வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் வைப்பதுதான் பலரும் செய்வது, அதுவே மோசமான இடமும். சுவரில் மோதி மேலெழும் காற்று, புனலில் விழ வேண்டிய துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும். மழை குறைவாகப் பதிவாகும். சிமென்ட் தளத்தில் ஒட்டினாற்போல் வைத்தாலோ, தெறிக்கும் நீர் புனலில் விழுந்து கணக்கு கூடும். மாடியின் நடுப்பகுதியில், ஆடாத ஒரு பீடத்தின் மேல் வைப்பதே ஓரளவு சரியாக வரும்.

பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது தடையில்லாத வெட்டவெளிக்கான தூரம். கான்கிரீட் தளமும் அதற்குள் ஓடும் கம்பியும் தகரக் கூரையும் அதைப் பெரிதும் குறைத்துவிடும். ஆகவே முதலில் மானிக்கும் திரைக்கும் பேட்டரி போட்டு, பக்கத்தில் வைத்து இணைத்துப் பாருங்கள். பிறகு மாடியில் வைத்து, சிக்னல் வருகிறதா என்று ஒரு நாள் கவனித்தபின் திருகை முடுக்குங்கள்.

சரிபார்க்கும் வழி வீட்டிலேயே இருக்கிறது. புனல் வாயின் விட்டம் 12 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. அதில் 113 மில்லி நீர் என்பது 10 மி.மீ. மழைக்குச் சமம். அடியில் ஊசித்துளை போட்ட டம்ளர் வழியாக அரை மணி நேரம் சொட்டவிட்டுப் பாருங்கள். திரை 9-க்கும் 11-க்கும் நடுவே காட்டினால் நல்ல கருவி. மளமளவென ஊற்றினால் கிண்ணம் சாயும் நேரத்தில் நீர் வீணாகும்; கொட்டும் மழையில் இவ்வகை மானிகள் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான்.

5 மி.மீ. மட்டுமே காட்டுகிறதா? பணத்தைத் தொலைத்தோம் என்று விட்டுவிடாதீர்கள். சோதனையைக் கைப்பேசியில் படம்பிடித்து, பில்லோடு விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வெளிநாட்டுக் கருவி வாங்குவோர் அலைவரிசையைப் பாருங்கள். 915 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்காவுக்கானது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விடப்பட்டிருப்பது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை. இணையத்தோடு இணைக்கும் மாடல் என்றால், உங்கள் வீட்டின் துல்லியமான இடம் பொது வரைபடத்தில் தெரிகிறதா என்று அமைப்புகளில் பார்த்து, வேண்டாமென்றால் மறைத்துவிடுங்கள். அடுக்குமாடி மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது பின்னாளில் சண்டையைத் தவிர்க்கும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. பயிர்க் காப்பீட்டில் வீட்டு மானியின் எண் இழப்பீட்டை நிர்ணயிக்காது. அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் பருவம் தவறிய மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்குத் தெரிவிப்பதே முக்கியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் உயிர். இரும்புக் கம்பத்தில், மாடியின் மிக உயரமான பொருளாக மானியை நிறுத்தாதீர்கள். மின்கம்பி அருகே வேண்டவே வேண்டாம். புனலில் அடைத்த இலையையும் சிலந்தி வலையையும் மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இடி முழங்கும்போது, பாசி வழுக்கும் மாடிக்கு அதற்காக ஏறாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். திரையில் எண் சிறிதாக இருக்கிறது என்று வெள்ள எச்சரிக்கையை அலட்சியம் செய்யவும் வேண்டாம்: ஏரி திறப்பது நம் மாடியில் பெய்யும் மழையைப் பொறுத்ததல்ல. தண்ணீர் ஏறினால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070.