சுடாமல் இறக்கு!

"துப்பாக்கியா! அதுவும் இவன் கையிலா?" என்று கேட்டுக்கொண்டு, தாளிக்கிற கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்துவிட்டாள் என் தங்கை.

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. மருமானுக்குப் பதினைந்து வயது. தங்கமான பிள்ளைதான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். கேரம் ஆட்டத்தில் தோற்றால், காய்கள் பெருங்களத்தூர் ரயில் நிலையம் வரையில் பறக்கும்! அப்பேர்ப்பட்டவன், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கியதைப் பார்த்தது முதல், "மாமா, எனக்கும் பிஸ்டல் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அவனுக்குப் புத்தி சொல்லாமல் நீங்களும் கூடச் சேர்ந்துகொண்டீர்களே!"

"நீயும் வந்து பார். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவோம்" என்றேன். மூவரும் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரைபிள் கிளப்புக்குப் போனோம்.

முதல் அரை மணி நேரம் துப்பாக்கியையே கண்ணில் காட்டவில்லை. பாடம் மட்டுந்தான். எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே எண்ண வேண்டும். அதன் வாய் எப்போதும் குறிப்பலகையின் பக்கமே இருக்க வேண்டும். குறி பார்க்கும் வரையில் விரல் விசையைத் தொடக் கூடாது. "நிறுத்து" என்றால் அந்த க்ஷணமே நிறுத்த வேண்டும்.

பிறகுதான் காற்றுப் பிஸ்டல் வந்தது. மருந்து கிடையாது, அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் ஈய ரவையைத் தள்ளுகிறது. ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத இந்த ரகத்துக்கு நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் தங்கையின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

குறிப்பலகை 10 மீட்டர் தூரத்தில். அதன் நடுவே பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கையால் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். பந்தயத்தில் 60 முறை!

அர்ஜுனன் பறவையின் கண்ணை மட்டும் பார்த்த கதையை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். இங்கே விஷயம் நேர்மாறு. பிஸ்டலின் நுனியில் உள்ள சின்ன மேட்டையே கண் பார்க்க வேண்டும்; தூரத்துக் குறி மங்கலாகத்தான் தெரியும். குறியைப் பார்க்க ஆசைப்பட்டால் கை தப்பிவிடும்.

மருமான் சுட்டான். ரவை ஓரத்தில் பட்டது. இரண்டாவது இன்னும் ஓரம். முகம் சிவந்தது. மூன்றாவது தடவை கை நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு விசையை இழுக்கப் போனான்.

"சுடாதே. இறக்கு" என்றார் பயிற்சியாளர், மெதுவாக. "கை ஆடினால் இறக்கிவிட வேண்டும். மூச்சு விட்டு, மறுபடி தூக்கலாம். சுடக் கற்பதற்கு முன்னால் சுடாமல் இருக்கக் கற்க வேண்டும், தம்பி."

மனு பாக்கரின் கதையும் அதுதானே! 2021-ல் டோக்கியோவில், பந்தயத்தின் நடுவே அவர் பிஸ்டல் பழுதாகிவிட்டது. சரி செய்வதற்குள் பொன்னான நிமிஷங்கள் போயின. இரண்டே மதிப்பெண்ணில் இறுதிப் போட்டி கை நழுவியது. மூன்று வருஷம் பொறுத்துத்தான் பாரிஸில் பதக்கம் வந்தது.

மருமான் ஒரு நிமிஷம் யோசித்தான். பிஸ்டலை இறக்கி மேஜைமேல் வைத்தான். பிடித்ததை விடாத பிள்ளை, தானாக ஒன்றை விட்டு அன்றுதான் அவன் தாயார் பார்த்தாள். "அடுத்த வாரமும் வரலாமா?" என்று அவளே கேட்டாள்!

அன்று இரவு கேரம். கடைசிக் காயில் தோற்றான். கை ஓங்கியது.

"இறக்குடா!" என்றாள் தங்கை.

கை இறங்கியது. கோபம் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு காய் மட்டும் பீரோவுக்கு அடியில் போயிற்று. அதையும் அவனேதான் குனிந்து எடுத்து வந்தான்.